யாருக்கு வேண்டும் உங்கள் ஆத்ம திருப்தி?

போன மார்ச்சில் ஒரு பெண்கள் கல்லூரியில் மகளிர் தின விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமை தாங்கியவர் ஒரு மூத்த பேராசிரியர், ஆண். (பெண்கள் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு ஆண் ஏன் தலைமை என்று கேட்டால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.) நான் பேசி முடித்ததும் மாணவிகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், புக் எழுதினா காசு வருமா?" என்றாள். வராது என்றேன். "பேராவது வருமா?" இந்த அழைப்பிதழுக்கு முன்னால் என் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று அவளிடமே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அரங்கம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அப்புறம் எதுக்கு மேடம் முப்பது வருசமா எழுதுறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆத்ம திருப்திக்காகம்மா! படைப்பாளிக்கு அதைவிடப் பெரிய சன்மானம் உண்டா?" என்றார். கைதட்டல். கேள்வி நேரம் முடிந்தது. எனக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. அவருக்கும் அதே பொன்னாடை, அதே நினைவுப் பரிசு, கூடவே ஒரு கவர். அவர் கவரைச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். கல்லூரிக் கார் அவரை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையம் போனேன்.

அந்த மாணவிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், என் வாயிலிருந்து பிடுங்கி அவர் சொன்ன பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆத்ம திருப்தி எனக்குப் புதிய சங்கதி இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியிலேயே கேட்டு வளர்ந்தது. அம்மா விடியுமுன் எழுந்து ஏழு பேருக்குச் சமைப்பாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியை வழித்துக் கடைசியாக உட்காருவாள். விருந்தாளி யாராவது "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் அப்பா முந்திக்கொண்டு சொல்வார்: "நாம சாப்பிட்டாலே அவளுக்கு வயிறு நெறஞ்ச மாதிரிதான்." நாற்பது வருடம் அம்மாவின் வயிறு அப்படித்தான் நிறைந்தது. உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொன்னபோது அப்பாவுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

பெண் செய்கிற வேலைக்குக் கூலி கொடுக்க மனம் வராத இடத்திலெல்லாம் இப்படி ஒரு நல்ல வார்த்தை தயாராக இருக்கும். அன்பு, தாய்மை, தியாகம், சேவை, திருப்தி. 1970களில் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் நடத்திய சில்வியா ஃபெடரிச்சியும் அவருடைய தோழிகளும் இந்த வார்த்தைகளின் சட்டையைத்தான் பிடித்தார்கள். நம் நாட்டில் தெருத்தெருவாக நடக்கும் ஆஷா பணியாளருக்கு அரசு கொடுப்பதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறாள். வீட்டுவேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளில் மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்திருந்தால் முப்பது வருடத்தில் நான்கு புத்தகத்தோடு நின்றிருக்க மாட்டேன்.

நான் எழுத்துக்குச் சம்பளமே வாங்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பஞ்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ரொக்கப் புத்தகம், பேரேடு, கூலிப் பட்டியல். முன்பு கையால், இப்போது டேலியில். அந்த எழுத்துக்கு மாதம் பிறந்தால் பணம் வருகிறது. ஒரு மாதம் பத்து நாள் தாமதமானபோது ஆண்களும் பெண்களுமாக மேனேஜர் அறைக்கு முன்னால் போய் நின்றோம். கணக்கு எழுதுவதில் கிடைக்கும் ஆத்ம திருப்தியைப் பற்றி மேனேஜர் எதுவும் பேசவில்லை.

புத்தகக் கதை வேறு. என் மூன்றாவது தொகுப்பின் விலை 180 ரூபாய். 300 பிரதி அச்சடித்தார்கள். பத்து சதவீத ராயல்டி என்பது வாய்ப்பேச்சு. காகிதத்தில் எதுவும் இல்லை. அத்தனையும் விற்றால் எனக்கு 5,400 ரூபாய் வர வேண்டும். விற்றுத் தீர்ந்தது என்று பதிப்பாளரே ஒரு கூட்டத்தில் மேடையேறிச் சொன்னார். மறுநாள் போன் செய்து கேட்டேன். "இலக்கியத்துல கணக்குப் பாக்கலாமாம்மா?" என்று வருத்தப்பட்டார். கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில் என்றேன். அச்சகத்துக்காரரிடம், அட்டை வரைந்தவரிடம், பைண்டிங் செய்தவரிடம் அவர் இப்படிக் கேட்டிருப்பாரா? அவர்களிடம் கேட்டிருந்தால் புத்தகமே வந்திருக்காது. அந்தப் புத்தகத்தில் வேலை செய்தவர்களில் திருப்தியை மட்டும் வாங்கிக்கொண்டு போகவேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஆகவே மாணவிகளே, பணத்தைத் தாண்டி எழுத்தாளரை எது எழுத வைக்கிறது என்று யாராவது உருக்கமாக ஆரம்பித்தால் முதலில் பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். தாண்டுவதற்கு அது கண்ணிலாவது பட வேண்டும். வர்ஜீனியா வுல்ஃப் 1929லேயே இதை வெட்கமில்லாமல் சொன்னார்: எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும். வை.மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வயதில் கல்யாணம். முதல் நாடகத்தைத் தன் கையால் எழுத முடியாமல், சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 1925இல் ஜகன்மோகினி இதழைத் தன் பொறுப்பில் எடுத்து முப்பது ஆண்டுக்கு மேல் நடத்தினார். 115 நாவல்கள். சந்தா, அச்சுக்கூலி, தபால் செலவு என்று வரவு செலவு பார்க்காமல் ஒரு மாத இதழ் முப்பது ஆண்டு வராது. கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் நம் இலக்கிய வரலாறுகள் அவரைப் பொழுதுபோக்கு எழுத்து என்ற மூலையில் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பணம் வாங்காவிட்டால் திருப்தி, விற்றுப் பிழைத்தால் பொழுதுபோக்கு!

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வுல்ஃபின் அந்தப் புத்தகத்தில் கதைசொல்லிக்கு 500 பவுண்டு ஒரு அத்தையின் உயிலால் வருகிறது. அந்த அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து செத்தவள். முதல் முறை படித்தபோது இதை வேடிக்கையாகக் கடந்துவிட்டேன். பம்பாயில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்திருக்கும் என்று பின்னாளில்தான் உறைத்தது. அப்புறம் என் வீட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுத உட்காரும்போது பின்பக்கம் ஒரு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் கொடுப்பது மாதம் 1,500. என் எழுத்து நேரத்தை வீட்டு ஆண்கள் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு பெண்ணிடம் மலிவாக வாங்கியிருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த நேரத்தில் எழுதியதுதான். கூலியை உயர்த்திக் கொடுத்தேன் என்று சொல்லி நான் நல்லவளாகிவிட முடியாது. அந்த அக்காவுக்குச் சொல்ல எத்தனையோ கதை இருக்கிறது, சொல்லவும் செய்கிறார். எழுத அவருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

பணம் இருக்கட்டும், பேருக்காக எழுதுகிறார்கள் என்பது அடுத்த கதை. பேர் வெளியே தெரிந்தால் வீட்டில் வம்பு என்பதுதான் இந்த மொழியில் எழுதிய எத்தனையோ பெண்களின் நிலைமை. துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், கல்யாணத்துக்குப் பிறகு இரவில் கழிப்பறைக்குள் நின்று எழுதினார். தாயின் கைவழியாகத் தாள்கள் வெளியே போயின. கவிதை அச்சான போது அதில் இருந்தது அவர் பெயர் இல்லை, சல்மா என்ற புனைபெயர். பாராட்டு வந்தால்கூட அது தனக்குத்தான் என்று வீட்டில் சொல்ல முடியாத ஒருத்தி பேருக்காகவா எழுதியிருப்பார்? 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது வந்து குவிந்தது வசை. அதுவும் ஒருவகைப் பேர்தான்.

முறையான பேர் வந்தால் மட்டும் என்ன? ராஜம் கிருஷ்ணனுக்கு 1973இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. விருது வாங்கிய பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் அங்கே வேலை செய்யும் பெண்களோடு பேசித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். இத்தனை எழுதியவர் கடைசிக் காலத்தில் கைப்பொருள் இழந்து முதியோர் இல்லத்தில் இருந்தார். 2014இல் இறந்தார். பேர் அவருக்கு ஒரு வீட்டைக்கூடத் தக்கவைத்துக் கொடுக்கவில்லை. விருதை எண்ணி ஒருவர் உப்பளத்து வெயிலில் நிற்க மாட்டார் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, பணமும் இல்லை, பேரும் இல்லை, திருப்தி என்ற பேச்சே வேண்டாம் என்கிறாய், பிறகு எதற்கு? அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான். மற்றவர்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. என்னுடையதைச் சொல்கிறேன்.

1987 ஜூலை. எனக்குப் பதினேழு வயது. என் சித்தி, அம்மாவின் தங்கை, புகுந்த வீட்டில் தீப்பிடித்து இறந்துபோனாள். இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஐந்து வருடம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களில் நாளிதழைப் பிரித்தால் வாரம் தவறாமல் எங்காவது ஒரு ஸ்டவ் வெடிக்கும். மாமியார்களுக்கும் நாத்தனார்களுக்கும் வெடிக்காத ஸ்டவ்கள் மருமகளைக் கண்டால் மட்டும் வெடிக்கும்.

துக்க வீட்டில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் செம்பு எடுக்க அடுப்படிக்குப் போனேன். ஸ்டவ் சிலாப்பின்மேல் இருந்தது. பித்தளை டேங்க் ஒரு நசுங்கல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. பர்னர் அதன் இடத்தில் இருந்தது. பம்ப் கம்பி வளையவில்லை. அடுப்படிச் சுவரில் கரி இல்லை. கரி இருந்தது பின்கட்டில், குளிக்கிற இடத்துச் சுவரில். நான் செம்பை எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன். அவள் மாமியாருக்கும் கொடுத்தேன்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நடந்த சாவு என்பதால் கோட்டாட்சியர் விசாரணை வந்தது. வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கிய 304பி பிரிவு சட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சட்டம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. தாத்தா கையெழுத்துப் போட்டார், ஸ்டவ் வெடித்ததாக. குழந்தை அந்த வீட்டில் இருக்கிறது, எங்கள் வீட்டில் இன்னொரு சித்திக்குக் கல்யாணம் ஆக வேண்டும். பாட்டியும் அம்மாவும் அப்படியே சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, என் சித்தியைப் பற்றி ஓர் எழுத்து ஏற்கெனவே இருந்தது. அரசாங்க முத்திரையோடு, சாட்சிக் கையெழுத்தோடு, நூல் போட்டுத் தைத்த கோப்பில். மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. எந்தத் தலைப்பிலும் சேர்க்க முடியாத தொகை வந்தால் அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்போம். பிறகு யாராவது வந்து விவரம் சொன்னால் சரியான தலைப்புக்கு மாற்றுவோம். யாரும் வராவிட்டால் சில வருடம் கழித்து முதலாளி ஒரு கையெழுத்தில் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி அனாமத்தில் கிடக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேராவது உண்டு. கிணற்றில் 'கால் தவறி' விழுந்தவள், 'வயிற்றுவலி தாங்காமல்' அரளி விதை அரைத்துக் குடித்தவள், 'புத்தி கலங்கி' எங்கோ போய்விட்டவள். விவரம் தெரிந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழு வருடம் கழித்து, 1994இல், அந்த ஸ்டவ்வைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். சித்தியின் பெயரைப் போடவில்லை, ஊரைப் போடவில்லை. டேங்க், பர்னர், சுவர், செம்பு, அவ்வளவுதான். 300 பிரதி அச்சாகிற ஒரு சிற்றிதழில் வந்தது. எப்படியோ அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "குடும்பத்தை வித்துப் பேர் வாங்கிட்டா" என்றார் தாய்மாமா. என்ன பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் கல்யாணப் பேச்சில் ஒரு வரன் இதைச் சொல்லியே தட்டிப்போனது. (அதற்கு அந்தச் சிற்றிதழுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.) அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே, "அந்தச் சுவத்துக் கரிய நானும் பாத்தேன்டி" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எழுதினால் மனபாரம் குறையும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். டைரி எழுதுங்கள், மனசு லேசாகும் என்று பெண்கள் பத்திரிகைகள் தவறாமல் ஆலோசனை தருகின்றன. எனக்கு லேசாகவில்லை. எழுதும்வரை அது எப்போதாவது கனவில் வரும். எழுதிய பிறகு பகலிலும் வந்தது. சுவரில் கரி எந்த உயரம்வரை இருந்தது என்று யோசித்து யோசித்துப் பல இரவுகள் தூங்கவில்லை, எழுதும்போது அதை அளந்து சொல்ல முடியாமல் போனதால். 1992இல் 'கருக்கு' வந்தபோது தன் சொந்த ஊரிலேயே கோபத்தைச் சந்தித்ததாகப் பாமா சொல்லியிருக்கிறார். யாருக்காக எழுதினாரோ அந்த மக்களின் கோபம்! இதையெல்லாம் திருப்தி என்று சொல்பவர் எழுதிப் பார்த்தவராக இருக்க முடியாது. இருந்தாலும், எழுதியதால் வீட்டில் எதையும் இழக்க வேண்டியிராதவராக இருக்கலாம்.

2006இல் ஒருநாள் மதியம் மில் வாசலில் ஒரு பெண் காத்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார். போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, சித்தியின் நெற்றி. இருபத்திரண்டு வயது. பத்து வயதுக்குப் பிறகு அவளை எங்கள் பக்கம் அனுப்பவே இல்லை. கையில் அந்த மூன்று பக்கத்தின் ஜெராக்ஸ். படித்த கல்லூரியில் யாரோ ஆசிரியை பழைய சிற்றிதழ்களைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், அதிலிருந்து எடுத்தாளாம். எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"இது எங்கம்மாவாக்கா?"

ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. டீ ஆறி ஆடை படியும்வரை பேசவுமில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு ஸ்டவ்வுன்னா பயம்க்கா. பத்தொன்பது வருசமா ஸ்டவ் கிட்டப் போனதில்ல. ஹாஸ்டல்ல டீகூடப் போடமாட்டேன், எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அது ஒண்ணுமே பண்ணலையாக்கா?" என்றாள்.

அது ஒன்றும் செய்யவில்லை என்று அவளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் அந்த மூன்று பக்கம்தான் இருந்தது. அவள் அப்பா சொல்லவில்லை, அரசாங்கக் கோப்பு சொல்லவில்லை, எங்கள் தாத்தா சாகும்வரை சொல்லவில்லை. 300 பிரதியில் ஒரு பிரதி பன்னிரண்டு வருடம் ஒரு கட்டுக்குள் கிடந்து அவள் கைக்குப் போயிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், வயிற்றைப் புரட்டியது. அவள் அதோடு விடவுமில்லை. "அம்மா எப்படிப் பேசுவாங்க? என்ன பிடிக்கும்? இதுல ஒண்ணுமே இல்லையேக்கா. செத்தது மட்டும்தான் இருக்கு."

உண்மைதான். செத்ததை மட்டும்தான் எழுதியிருந்தேன். சித்தி எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சினிமாப் பாட்டை விசில் அடிப்பாள். பொம்பளைப் பிள்ளை விசில் அடித்தால் வீட்டில் லட்சுமி தங்காது என்று பாட்டி திட்டத் திட்ட இன்னும் பலமாக அடிப்பாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 92 வாங்கியவள். தாள்களைக் கொடுத்தால் மனக்கணக்காகக் கூட்டிச் சொல்வாள். என் மில் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு வரிகூட என் மூன்று பக்கத்தில் இல்லை. கொலையை எழுதப்போன நானும் அவளை எரிந்த உடம்பாகத்தான் விட்டுவைத்திருந்தேன், கோட்டாட்சியர் கோப்பு செய்ததைப் போலவே.

அன்றிரவு இரண்டாவது கட்டுரையை ஆரம்பித்தேன். அது முடிய நான்கு மாதம் ஆனது. அது வெளிவந்ததும் அம்மா, "நீ பாட்டுக்கு விசிலடிச்சான்னு எழுதிட்ட, அவ எந்தப் பாட்டுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்து அவளுக்குத் தெரிந்த சித்தியைச் சொன்னாள். அது மூன்றாவது. அதைப் படித்துவிட்டு மில்லில் கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ஒரு அக்கா, அரளி விதை குடித்த தன் மதினியைப் பற்றி, சாப்பாட்டு இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து சொன்னார். அது இன்னும் எழுதி முடியவில்லை.

ஏன் எழுதுகிறேன் என்பதற்கு அந்த ஸ்டவ் பதில். ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு அந்தப் பெண் டீக்கடையில் கேட்டது பதில். ஒரு பதிவு போட்டால் அதற்கு எதிர்ப்பதிவு தேடி வருகிறது. மில்லில் மார்ச் 31ஆம் தேதி ஐந்தொகை நேராகும். இதில் நேராகவில்லை, போன வருடம் எழுதியதில் விட்டுப்போனது இந்த வருடம் வாசலில் வந்து நிற்கிறது.

இது என்னோடு தொடங்கிய காரியமும் இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியபோது அவரிடம் போய் ஆத்ம திருப்தியா என்று கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கோயில் தொண்டு, புனிதம், கலை என்று பெரிய மனிதர்கள் எழுதி வைத்திருந்ததற்கு எதிராக, அதற்குள் பிறந்து வளர்ந்த ஒருத்தி உள்ளே நடப்பது இதுதான் என்று எழுதினார். மேடை மேடையாகப் பேசினார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அது.

எல்லா எழுத்தும் சட்டமாகாது. என்னுடையது ஆகவில்லை. சித்தியின் கணவர் மறுமணம் செய்துகொண்டு, பேரன் எடுத்து, தெருவில் மரியாதையோடு நடக்கிறார். கோப்பில் ஸ்டவ் இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சித்தி மகளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. வீட்டில் அவள்தான் டீ போடுகிறாள். நான் போனால் எனக்கும்.

மூன்றாவது வரிசைப் பெண்ணே, உன் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இந்தப் புத்தகம் உன் கல்லூரி நூலகத்துக்கு வருமா என்று தெரியவில்லை. வந்தால், உன் வீட்டு அனாமத்துக் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்று உன் அம்மாவிடம் கேள். பூண்டு உரிக்கும் நேரமாகப் பார்த்துக் கேள். அதை நீ எழுதி, யாராவது அச்சில் போட்டால், 'ராயல்டி எவ்வளவு, காகிதத்தில் போட்டுக் கொடுங்கள்' என்று முதல் நாளே கேட்டுவிடு. ஒன்றைக் கேட்பதால் மற்றது கெட்டுப்போகாது. கெட்டுப்போகும் என்று சொல்பவரின் சட்டைப் பையைப் பார்.

விழா முடிந்த மறுவாரம் அந்தக் கல்லூரிக்கு ஒரு பில் அனுப்பினேன். போகவரப் பேருந்துக் கட்டணம் 236 (வெளியூர்ப் பேருந்தில் மகளிருக்கு இலவசம் கிடையாது), ஷேர் ஆட்டோ 40, மில்லில் அரை நாள் சம்பளப் பிடித்தம் 380, உரைக்கு 3,000. ஆக மொத்தம் 3,656 ரூபாய். பத்து நாள் கழித்து ஒரு ஆசிரியை பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதுவரைக்கும் லேடி ஸ்பீக்கர்ஸ் யாரும் கேட்டதில்ல. எந்த ஹெட்ல போடறதுன்னு ஆபீஸ்ல தெரியலையாம்" என்றார். ஆண் பேச்சாளர்களுக்குக் கொடுத்ததை எந்தத் தலைப்பில் போட்டார்களோ அதே தலைப்பில் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "எழுத்துல அனுப்புங்க மேடம், நான் உள்ள வைக்கிறேன்" என்றார்.

இரண்டாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன். தபாலில், ஒப்புகையோடு.